புதிய வீசா முறைக்கு விலைமனு கோருமுன்: குடிவரவுத் திணைக்களத்துக்குத் திறந்த மடல்

குடிவரவு குடியகல்வுக் கட்டுப்பாட்டாளர் நாயகம் அவர்களுக்கும், சுற்றுலாத்துறை அமைச்சின் செயலாளர் அவர்களுக்கும்,

2012 ஜனவரி முதல் இலங்கையில் இயங்கிவந்த ஈ.டி.ஏ. (இணையவழிப் பயண முன்அனுமதி) முறை 2024 ஏப்ரல் 17ஆம் திகதி நிறுத்தப்பட்டது. இணையவழி வீசா தனியார் நிறுவனக் கூட்டொன்றிடம் போனது. ஆறு மாத வீசாவுக்குப் பயணி 100.77 டொலர் கட்ட வேண்டியிருந்தது. அதில் 18.50 டொலர் சேவைக் கட்டணம், 7.27 டொலர் வசதிக் கட்டணம். ஓகஸ்ட் 2ஆம் திகதி உயர் நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை இடைநிறுத்தி, பழைய முறையைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னது. அன்றைய கட்டுப்பாட்டாளர் நாயகம் நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் விளக்கமறியலில் வைக்கப்பட்ட பிறகு, செப்டெம்பர் இறுதியில்தான் ஈ.டி.ஏ. மீண்டது.

வழக்கு, விசாரணை, பாராளுமன்றக் குழு எல்லாம் இந்த முறையை யார் நடத்துவது, பணம் எங்கே போனது என்பவற்றைப் பற்றிப் பேசின. பேசத்தான் வேண்டும். ஆனால் பயணி நிரப்பும் படிவம், அவர் பணம் கட்டும் பக்கம், கப்பலால் இறங்கி நிற்கும் வரிசை ஆகியவை பற்றி அதற்கு முன்னும் பேச்சில்லை, பின்னும் பேச்சில்லை. இந்த மௌனத்தைத்தான் எங்களால் ஏற்க முடியவில்லை. வடக்கில் விடுதி நடத்துபவர்கள், பயணச்சீட்டு முகவர்கள், வழிகாட்டிகள் சேர்ந்து இதை எழுதுகிறோம். விண்ணப்பம் சிக்கிக்கொண்டால் பயணி முதலில் தொலைபேசி எடுப்பது தங்கப்போகும் விடுதிக்கும், சீட்டு எடுத்துக்கொடுத்த முகவருக்கும்தான். ஆகவே எந்த இடத்தில், எதனால் சிக்குகிறது என்பது எங்களுக்குத் தெரியும்.

முதல் சிக்கல் பெயர். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களில் ஏராளமானோரின் கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் என்ற கட்டம் வெறுமையாக இருக்கும். இன்னும் பலருக்குத் தந்தையின் பெயர் அந்தக் கட்டத்தில் ஏறியிருக்கும். வேறு சிலருக்குத் தம் பெயரும் தந்தை பெயரும் ஒரே கட்டத்தில் சேர்ந்து கிடக்கும். இரண்டு கட்டங்களையும் நிரப்பினால்தான் அடுத்த பக்கம் திறக்கும் என்று அடம்பிடிக்கும் படிவத்தின் முன்னால் ஒருவர் தந்தை பெயரைப் போடுவார், ஒருவர் புள்ளி வைப்பார், ஒருவர் ஒரே பெயரை இரண்டு தரம் எழுதுவார். இதே சிக்கலுக்கு விமானச்சீட்டு எடுத்த முகவர் வேறொரு வழி கண்டிருப்பார். கடைசியில் கடவுச்சீட்டில் ஒரு பெயர், சீட்டில் ஒரு பெயர், வீசா அனுமதியில் இன்னொரு பெயர். சென்னையிலோ திருச்சியிலோ ஏறும் இடத்தில் ஊழியர் தயங்கினால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆவணம் பொருந்தாத ஒருவரை ஏற்றிவந்தால், அவரைத் திருப்பி ஏற்றிச் செல்லும் பொறுப்பு விமான நிறுவனத்தின் தலையில்தான் விழுகிறது.

இதற்கு விதி ஏற்கெனவே இருக்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303ஆம் ஆவணப்படி, ஒரே பெயர் உள்ளவருக்கு அந்தப் பெயரே முதன்மைப் பெயர். இரண்டாம் கட்டம் வெறுமையாக இருக்கலாம். படிவமும் அதையே ஏற்றுக்கொள்ள வேண்டும். 'என் கடவுச்சீட்டில் ஒரே பெயர்தான்' என்று ஒரு தெரிவுக் கட்டம் வைத்தால் போதும். இது ஒரு நிரலாளருக்கு அரைநாள் வேலை.

புலம்பெயர்ந்த எங்கள் உறவினர்களின் சிக்கல் இதற்கு நேர்மாறானது. கனடா, பிரித்தானியக் கடவுச்சீட்டோடு நல்லூர்த் திருவிழாவுக்கும் கோடை விடுமுறைக்கும் ஊர் வருகிறவர்களின் பெயர்கள் நீளமானவை. கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் வாசிக்கும் இரண்டு வரிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வரியிலும் 44 இடங்கள், முதல் வரியில் பெயருக்கு 39 இடங்கள் மட்டும். அதற்குமேல் போகும் பெயர் வெட்டுப்படும். பயணி முழுப்பெயரையும் படிவத்தில் எழுதுவார், கருமபீடத்தில் இயந்திரம் வெட்டுப்பட்ட பெயரை வாசிக்கும். ஜேர்மன்காரருக்கும் இதே கதைதான். மேலே பெயர் இரட்டைப் புள்ளி போட்ட 'யு' எழுத்தோடு அச்சாகியிருக்கும், கீழே அந்த இடத்தில் 'யு', 'ஈ' என்ற இரண்டு எழுத்துகள் நிற்கும். எதைப் பார்த்து எழுதுவது என்று படிவம் சொல்லாதவரை பாதிப்பேர் மேலே பார்த்தும் பாதிப்பேர் கீழே பார்த்தும் எழுதுவார்கள்.

அந்த இரண்டாம் வரியில் இன்னொரு பயனும் இருக்கிறது. கடவுச்சீட்டு இலக்கம், பிறந்த திகதி, காலாவதித் திகதி மூன்றின் பின்னாலும் ஒவ்வொரு சரிபார்ப்பு இலக்கம் இருக்கும். ஒவ்வொரு குறியின் மதிப்பையும் 7, 3, 1 என்று மாறிமாறிப் பெருக்கிக் கூட்டி, பத்தால் வகுத்து வரும் மீதிதான் அது. பூச்சியத்தின் மதிப்பு 0, ஆங்கில 'ஓ' எழுத்தின் மதிப்பு 24. எந்த இடத்தில் இவற்றை மாற்றி எழுதினாலும் மீதி ஒத்துவராது. 'ஐ' எழுத்தை 1 என்றும், 'பி'யை 8 என்றும் எழுதினாலும் இந்தக் கணக்கில் பிடிபடும். கையால் தட்டச்சு செய்யும் படிவம் இந்தச் சரிபார்ப்பை வீணாக விட்டுவிடுகிறது. பயணி பிழையோடு விண்ணப்பிக்கிறார், பிழையான இலக்கத்துக்கு அனுமதி கிடைக்கிறது, விமான நிலையத்தில்தான் வெளிச்சத்துக்கு வருகிறது. பணத்தை மீண்டும் கட்ட வேண்டும்.

ஆகவே தட்டச்சுக்கு முன் படம் என்ற ஒழுங்கு வேண்டும். பயணி கைத்தொலைபேசியால் அந்த இரண்டு வரிகளையும் படமெடுக்க, உலாவியே வாசித்துக் கட்டங்களை நிரப்ப, அவர் சரிபார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். படம் பிழைப்பதற்கான காரணங்கள் ஒரு சில மட்டுமே: மின்வெளிச்சம் பட்டுப் பளபளக்கும் தாள், வரியின் மேல் விழுந்த பெருவிரல், அடிப்பக்கம் வெட்டுப்பட்ட சட்டகம். ஒவ்வொன்றுக்கும் 'ஒளியை அணையுங்கள்', 'விரலை எடுங்கள்' என்று அந்தக் கணமே சொல்ல முடியும். வாசிக்க முடியாவிட்டால் கையால் எழுதட்டும், ஆனால் சரிபார்ப்பு இலக்கத்தையும் சேர்த்துக் கேளுங்கள். திகதியை எண்ணால் எழுதவிடாமல் மாதத்தின் பெயரைத் தெரிவுசெய்ய வையுங்கள். 03/04 என்பது அமெரிக்கருக்கு மார்ச் 4, வேறு பலருக்கு ஏப்ரல் 3.

அடுத்தது பணம். அட்டை இலக்கத்தைக் கொடுத்ததும் வங்கி ஒருமுறைக் கடவுச்சொல்லைப் பயணியின் தொலைபேசிக்கு அனுப்புகிறது. அந்தத் தொலைபேசி வேறு நாட்டில் இருந்தாலோ, செய்தி தாமதித்தாலோ, விண்ணப்பப் பக்கம் அதற்குள் காலாவதியாகிவிடும். வங்கியில் பணம் கழிந்திருக்கும், விண்ணப்பம் 'பணம் செலுத்தப்படவில்லை' என்று நிற்கும். பயணி பயந்து மீண்டும் கட்டுகிறார். நான்கு பேர் கொண்ட குடும்பம் என்றால் இரட்டிப்பான தொகை சின்னதல்ல. காரணம் எளிது: பணம் வந்ததா என்பதை அறியப் பயணியின் உலாவி திரும்பி வருவதையே தளம் நம்பியிருக்கிறது. கட்டணப் பக்கத்துக்குப் போகுமுன்னரே விண்ணப்ப இலக்கம் கொடுத்து, பணம் வந்த செய்தியை வங்கியின் சேவைக் கணினி திணைக்களத்தின் சேவைக் கணினிக்கு நேரே சொல்லும்படி அமைத்தால் இந்தத் தொல்லை தீரும். அதே இலக்கத்துக்கு இரண்டாம் தரம் பணம் ஏற்கவே கூடாது. அன்றாடம் இரவில் இரண்டு பட்டியல்களையும் ஒப்பிட்டு, பொருந்தாததைப் பயணி கேட்காமலே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

போலித் தளங்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தேடுபொறியில் இலங்கை வீசா என்று தேடினால் விளம்பரமாக மேலே வருவது பெரும்பாலும் அரசின் தளமல்ல. அசல் கட்டணத்தை விடப் பல மடங்கு வாங்கி, அதே படிவத்தைத் தாங்கள் நிரப்பித் தரும் இடைத்தரகர்களும் உண்டு, கடவுச்சீட்டுப் படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு மறைகிறவர்களும் உண்டு. அரசுத் தளத்தை இனங்காணப் பயணிக்கு ஒரே ஓர் அடையாளம்தான் இருந்தது: முகவரியின் முடிவில் உள்ள 'கவ்.எல்கே' (gov.lk). 2024 ஏப்ரலில் உத்தியோகபூர்வத் தளமே அந்த முடிவு இல்லாத வேறொரு முகவரிக்குப் போனபோது அந்த அடையாளமும் அழிந்தது. அரசின் தளம் 'கவ்.எல்கே' இல்லாமலும் இருக்கலாம் என்று நாமே உலகுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டோம். ஏமாற்றுக்காரருக்கு இதைவிடப் பெரிய உதவியை யாரும் செய்திருக்க முடியாது. இனி எந்த நிறுவனம் நடத்தினாலும் முகவரி அரசின் முகவரியாகவே இருக்க வேண்டும். அனுமதிக் கடிதத்தில் கையொப்பமிட்ட கியூ.ஆர். குறியீடு இருந்தால், ஏறும் இடத்து ஊழியர் அதை வாசித்து ஒரு நொடியில் உண்மை அறிவார்.

கட்டண அறிவிப்புகள் பற்றி எங்கள் மனக்குறை ஆழமானது. 2024 ஓகஸ்டில், 35 நாட்டவருக்கு ஒக்டோபர் 1 முதல் ஆறு மாதங்களுக்கு இலவச வீசா என்று அமைச்சரவை முடிவு அறிவிக்கப்பட்டது. ஐரோப்பிய முகவர்கள் அந்தச் செய்தியை வைத்துக் குளிர்காலப் பயணங்களுக்கு விலை போட்டார்கள். ஒக்டோபர் 1 வந்தது, சலுகை வரவில்லை. 2025 ஜூலையில் 40 நாடுகள் என்று இன்னோர் அறிவிப்பு. வீசாக் கட்டணம் 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஒழுங்குவிதியாக வர்த்தமானியில் வர வேண்டியது. அமைச்சர் மேடையில் சொன்ன நாளுக்கும் வர்த்தமானி வரும் நாளுக்கும் இடையில் பயணச்சீட்டு எடுத்தவர்கள், விமான நிலையத்தில் எங்களிடம்தான் விளக்கம் கேட்கிறார்கள். ஒரு விலையை நம்பி வந்தவரிடம் இன்னொரு விலை சொல்லும் நாடு என்ற பெயர் எங்களுக்கு வேண்டாம். வர்த்தமானி வரும் வரை அறிவிக்காதீர்கள். வந்த பிறகு, குறைந்தது தொண்ணூறு நாள் அவகாசம் கொடுங்கள்.

இனி வடக்கின் வாசல்களுக்கு வருகிறோம். பலாலியில் உள்ள யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் 2019 ஒக்டோபர் 17இல் திறந்தது. நாகபட்டினம் - காங்கேசன்துறைப் பயணிகள் கப்பல் 2023 ஒக்டோபர் 14இல் தொடங்கிச் சில நாட்களில் நின்றது. 2024 ஓகஸ்ட் 16 முதல் 150 இருக்கைகள் கொண்ட 'சிவகங்கை' ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 60 கடல்மைல், நாலு மணித்தியாலத்துக்குள் அடங்கும் பயணம். தலைமன்னார் - இராமேசுவரம் கப்பல் நின்றுபோன எண்பதுகளுக்குப் பிறகு கடல்வழியாக இந்தியாவிலிருந்து வருகிறவருக்கு வடக்கில் கிடைத்த ஒரே கதவு இது.

கப்பலில் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே நிமிடத்தில் இறங்குகிறார்கள். ஒருவருக்கு இரண்டு நிமிடம், இரண்டு கருமபீடங்கள் என்று வைத்துக்கொண்டால் கடைசிப் பயணி வெளியே வர 150 நிமிடம் ஆகும். கடலில் வந்த நேரத்தின் பெரும்பகுதி அது. அந்த இரண்டு நிமிடத்தில் பெரும்பங்கு, பயணி ஏற்கெனவே வீசா விண்ணப்பத்தில் கொடுத்த தகவலை வருகை அட்டையிலிருந்து மீண்டும் பார்ப்பதற்கே போகிறது. கப்பல் நிறுவனம் பயணிகள் பட்டியலைப் புறப்படுமுன்னரே வைத்திருக்கிறது. அதை நாகபட்டினத்தில் ஏறும்போதே திணைக்களத்துக்கு அனுப்பி, வீசாவோடு ஒப்பிட்டுவிட்டால், காங்கேசன்துறையில் மிஞ்சுவது முகத்தைப் பார்ப்பதும் முத்திரை வைப்பதும்தான். ஒருவருக்கு 45 நொடி என்றால் அதே 150 பேரும் ஒரு மணித்தியாலத்துக்குள் வெளியே வந்துவிடுவார்கள். புதிய கட்டடம் எதுவும் இதற்குத் தேவையில்லை. பிழை உள்ள பயணிக்கும் நாகபட்டினத்திலேயே திருத்த நேரம் கிடைக்கும். கடல் கடந்து வந்தவரைத் திருப்பி அனுப்புவதை விட அது எவ்வளவோ மேல்.

படிவமும் கப்பலை நினைவில் வைத்திருக்க வேண்டும். விமான இலக்கம் கட்டாயம் என்று கேட்டால் கப்பல் பயணி எதை எழுதுவார்? வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கினால் சேவை நிற்கும். நவம்பரில் கப்பலுக்குச் சீட்டெடுத்தவர் பலாலிக்கோ கொழும்புக்கு அருகே உள்ள கட்டுநாயக்கவுக்கோ பறந்து வரக்கூடும். அனுமதி ஒரு துறைமுகத்தோடும் ஒரே நாளோடும் கட்டப்படாமல் இருக்க வேண்டும். இரட்டை நுழைவு வீசாவில் ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து தஞ்சாவூர், மதுரை பார்த்துவிட்டுத் திரும்பினால் நாட்கள் எப்படிக் கணக்கிடப்படும் என்பது அனுமதிக் கடிதத்திலேயே ஒரு வரியாக இருக்கட்டும். இந்தியாவின் ஈ-வீசாவோடு எந்தச் சோதனைச் சாவடியாலும் வெளியேறலாம், ஆனால் நுழைவதற்குப் பட்டியலில் உள்ள இடமே வேண்டும். காங்கேசன்துறையால் போகும் ஐரோப்பியருக்கு அந்தப் பட்டியலைப் பார்க்கும்படி எங்கள் பக்கத்துத் தளமும் எச்சரிக்க வேண்டும்.

இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே எழுதிவையுங்கள். கடற்கரையில் உப்புக்காற்று இணைப்பிகளை அரிக்கும், மின்சாரம் போகும், வலையமைப்பு விழும். ஒவ்வொரு வாசலிலும் அன்றைய பயணிகள் பட்டியலின் மறைகுறியாக்கிய பிரதி உள்ளூர்க் கணினியில் காலையிலேயே இறங்கியிருந்தால், கொழும்புடன் தொடர்பு இல்லாவிட்டாலும் வரிசை நகரும்.

தானியங்கிக் கதவுகள் பற்றி ஒரு வார்த்தை மட்டும். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் 2024 முதல் கடவுச்சீட்டைக் காட்டாமலே கதவைக் கடக்கிறார்கள் என்பதைப் பார்த்து நமக்கும் ஆசை வருவது இயல்பு. ஆனால் கடவுச்சீட்டின் மின்னணுச் சில்லில் உள்ள கையொப்பத்தை, வழங்கிய நாட்டின் சான்றிதழோடு ஒப்பிட்டால்தான் அது உண்மையான சீட்டு என்று தெரியும். அந்தச் சான்றிதழ்கள் இல்லாமல் வாங்கும் கதவு, சில்லில் ஏதோ எழுதியிருக்கிறது என்பதை மட்டுமே அறியும். முதலில் படிவம், பிறகு பயணிகள் பட்டியல், பிறகு சான்றிதழ்கள். கதவு கடைசியில்தான்.

எங்கள் கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறோம்.

அடுத்த முறைக்கான விலைமனு பகிரங்கமாகக் கோரப்பட வேண்டும். ஒப்பந்தமும் கட்டணப் பங்கீடும் கையொப்பமிட்ட நாளிலேயே மூன்று மொழிகளிலும் வெளியாக வேண்டும். தரவு அரசின் கையிலேயே இருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அமைவாக, கடவுச்சீட்டுப் படங்கள் எத்தனை நாளில் அழிக்கப்படும் என்பது எழுதப்பட வேண்டும். ஒப்பந்தம் முறிந்தால் மூலநிரலும் பதிவுகளும் எத்தனை நாளில் திணைக்களத்திடம் வரும் என்ற வாசகம் கட்டாயம். 2024இல் நீதிமன்றம் உத்தரவிட்டும் பழைய முறை ஏறத்தாழ எட்டு வாரம் வராமல் இருந்ததை நாடே பார்த்தது.

அதுவரை காத்திராமல், இப்போதுள்ள படிவத்தில் ஒற்றைப் பெயரை ஏற்பது, சரிபார்ப்பு இலக்கத்தைக் கேட்பது, மாதத்தைப் பெயரால் தெரிவுசெய்ய வைப்பது ஆகிய மூன்று திருத்தங்களையும் மூன்று மாதத்துக்குள் செய்யுங்கள். இரட்டைக் கட்டணத்தை ஏழு வேலைநாளில் தானாகத் திருப்பிக் கொடுங்கள். பணம் கட்டிய பிறகு கண்டுபிடிக்கப்படும் எழுத்துப் பிழையை, பயணத்துக்கு முன் ஒருமுறை இலவசமாகத் திருத்த இடம் கொடுங்கள்.

கப்பல் நிறுவனத்தின் பயணிகள் பட்டியலை முன்கூட்டிப் பெறும் ஏற்பாட்டை, இந்தியத் தரப்போடு பேசி, அடுத்த பருவக்காற்றுக்கு முன் காங்கேசன்துறையில் தொடங்குங்கள். கட்டுநாயக்கவில் எந்த வசதி வந்தாலும் அதே நாளில் பலாலியிலும் காங்கேசன்துறையிலும் வர வேண்டும்.

படிவத்தைச் சோதிக்கும் நாளில் எங்களையும் அழையுங்கள். ஒற்றைப் பெயர், நீண்ட பெயர், புள்ளி போட்ட எழுத்துள்ள பெயர், இரண்டு வயதுக் குழந்தை, தொலைபேசி இல்லாத முதியவர், கப்பல் மாறிய பயணி என்று ஒவ்வொரு வகைக்கும் சோதனை விண்ணப்பங்களை நாங்களே தயாரித்துத் தருகிறோம். அவை எல்லாம் தடையின்றிப் போகும்வரை எந்த நிறுவனத்துக்கும் இறுதிக் கொடுப்பனவைச் செய்யாதீர்கள்.

இந்த மடலுக்கு எழுத்துமூலமான பதிலை, பொறுப்பான அலுவலரின் பதவிப் பெயரோடும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே ஒரு திகதியோடும் எதிர்பார்க்கிறோம்.

வட மாகாணத்தில் சுற்றுலாத் தொழில் செய்வோர்